முதல் ஆண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தைபே புறப்படுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தைவானுக்குப் போய் மாண்டரின் சீனம் படிக்கலாம், மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் செலவைச் சமாளிக்கலாம்’ என்ற யோசனையைக் கல்வி ஆலோசனை மையங்கள் இப்போது கல்லூரி முடித்த பிள்ளைகளிடம் பரவலாகச் சொல்லி வருகின்றன. தைவானில் மாண்டரின் நன்றாகவே கற்பிக்கிறார்கள். அங்கே ஆங்கில ஆசிரியர்களுக்குத் தேவையும் இருக்கிறது. ஆனால் மொழி மையத்தில் சேரும் மாணவர், அதுவும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், இந்த இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துச் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. இது தெரியாமல் மூன்று மாதப் பணத்தோடு விமானம் ஏறுகிறவர்களுக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் விசா. தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956 முதல் நடந்துவருகிறது. அதுபோன்ற பல்கலைக்கழக மொழி மையங்களில் சேர்பவர்கள் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள் வருகையாளர் விசாவில் போகிறார்கள். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் படித்தாக வேண்டும். விசாவைக் கையில் வாங்கியதும் அதில் ‘நீட்டிப்பு கிடையாது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அந்த ஒரு வரி இருந்தால், எவ்வளவு ஒழுங்காக வகுப்புக்குப் போனாலும் நாள் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும். அது இல்லாதவர்கள் வருகைப் பதிவேட்டையும் சேர்க்கைச் சான்றையும் காட்டி, குடிநுழைவு அலுவலகத்தில் 180 நாள் வரை நீட்டிக்கலாம். தொடர்ந்து நான்கு மாதம் படித்து முடித்து, அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டியிருந்தால் வசிப்பிட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏ.ஆர்.சி. என்று எல்லோரும் சொல்லும் வசிப்பிட அட்டை அதன் பிறகுதான். அட்டை கைக்கு வந்து ஆறு மாதம் தொடர்ந்து தங்கிய பிறகே அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும் என்பதால், முதல் பத்து மாதத்துக்கு இங்கிருந்தே ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போவது அவசியம்.

வேலைக்கு வருவோம். தைவானில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஒரு விதி, மொழி மைய மாணவர்களுக்கு வேறொரு விதி. பட்டப்படிப்பில் சேர்பவர்கள் சேர்ந்த கையோடு பகுதிநேர வேலை அனுமதி கேட்கலாம். மொழி மையத்தில் படிப்பவர் ஓராண்டு படித்து முடித்த பிறகுதான் கேட்க முடியும். ஆலோசனை மையங்கள் முதல் விதியைச் சொல்லி இரண்டாவது படிப்பில் சேர்த்துவிடுகின்றன. குழப்பம் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். அனுமதிக் கட்டணம் 100 தைவான் டாலர்தான், பெரிய தொகையல்ல. கிடைத்த பிறகும் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பதே உச்சவரம்பு. கோடை, குளிர்கால விடுமுறைகளில் இந்த வரம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் மொழி மையங்கள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டு முழுவதும் காலாண்டு காலாண்டாக ஓடுகின்றன. ‘இது விடுமுறைதானே’ என்று நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது, மையத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் அந்நாட்டு வேலைவாய்ப்புச் சேவைச் சட்டப்படி 30,000 முதல் 1,50,000 தைவான் டாலர் வரை அபராதம். நாட்டை விட்டு வெளியேற்றவும் செய்வார்கள். அமர்த்தியவருக்கு 1,50,000 முதல் 7,50,000 வரை. காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு பையனுக்குத் தனியாக டியூஷன் எடுத்துக் காசு வாங்குவதும் வேலைதான். ‘சம்பளம் வேண்டாம், சாப்பாடும் தங்குமிடமும் போதும்’ என்ற ஏற்பாடும் சட்டத்திலிருந்து தப்பாது, பணம் கைமாறாவிட்டாலும் உழைப்பைக் கொடுத்தால் அதை வேலையாகவே பார்ப்பார்கள். பணம் இல்லாத மொழிப் பரிமாற்றம், அதாவது அரை மணி நான் உனக்கு ஆங்கிலம், அரை மணி நீ எனக்கு மாண்டரின் என்று பழகுவது வேறு. அதில் ஒரு பக்கத்திலிருந்து பணம் வரத் தொடங்கினால் அது டியூஷன் ஆகிவிடும்.

அடுத்தது கடவுச்சீட்டு. இதைப் பேசச் சங்கடமாக இருந்தாலும் பேசாமல் விடுவது பெரிய அநியாயம். தைவானில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் தனியார் பயிற்சிப் பள்ளிகளைப் ‘புஷிபான்’ என்பார்கள். நம் ஊர் டியூஷன் சென்டர் போலத்தான், ஆனால் உரிமம் பெற்று, பலமாடிக் கட்டடத்தில் நடக்கும். அவை வெளிநாட்டவரை மொழி ஆசிரியராக அமர்த்த வேண்டுமானால், கற்பிக்கும் மொழி அவருடைய கடவுச்சீட்டு நாட்டின் ஆட்சிமொழியாக இருக்க வேண்டும், அவர் கல்லூரிப் படிப்பை முடித்தவராகவும் இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் வேலை விளம்பரங்கள் வழக்கமாகத் தேடுவது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக்காரர்களை. டொராண்டோவிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. ஆங்கில வழியில் பன்னிரண்டு வகுப்பும் படித்து, எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் முடித்த திருச்சிப் பெண்ணுக்குப் பல இடங்களில் மூடியிருக்கிறது. திறமையைப் பார்க்காத இந்த அளவுகோல் நியாயமானதல்ல. அது மாறும்வரை அதைக் கணக்கில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். மாணவர் வேலை அனுமதி கையில் இருந்தாலும், புஷிபான் உங்களை ஆசிரியராகக் கல்வித் துறையில் பதிவு செய்ய முடியுமா என்பது தனிக் கேள்வி. ‘இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவரை இதற்கு முன் இப்படிப் பதிவு செய்திருக்கிறீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

அந்த ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மாணவராகப் போகாமல் ஆசிரியராகப் போவது, மாண்டரினைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது. புஷிபான் வாரத்துக்குக் குறைந்தது 14 மணி நேரம் வகுப்பு கொடுத்தால்தான் பணி அனுமதியும் வசிப்பிட அட்டையும் கிடைக்கும். அப்போது 15 மணி நேர மொழி வகுப்பு என்ற கட்டாயம் இல்லை. காலையில் இரண்டு மணி நேர வகுப்பு போதும். இதில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. பணி அனுமதி எந்த நிறுவனத்தின் பெயரில் வந்ததோ அங்கே மட்டும்தான் செல்லும். ‘இன்று மட்டும் நம் இன்னொரு கிளைக்குப் போய் வாருங்கள்’ என்று அனுப்பினால், அந்தக் கிளையின் பெயரும் அனுமதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போக வேண்டும். மற்றொன்று மழலையர் பள்ளி. புஷிபான் பெயரில் அனுமதி எடுத்து, காலையில் மழலையர் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க அனுப்புவது அங்கே நெடுங்கால வழக்கம், நெடுங்காலமாகவே சட்டமீறலும்கூட. அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது பின்வாசல் வழியாக ஓடச் சொல்கிற முதலாளி அபராதத்தோடு தப்பிப்பார். அனுமதி பறிபோவது ஆசிரியருக்கு.

இவர்களுக்கு வரியும் கவனம். ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் தங்காதவரின் சம்பளத்தில் 18 சதவீதம் பிடிப்பார்கள். மாதச் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் 6 சதவீதம். ஜூலை தொடக்கத்துக்குப் பிறகு வந்து இறங்குபவர் அந்த ஆண்டு 183 நாளை எட்டவே முடியாது. முன்னதாக வந்தவர் அடுத்த ஆண்டு மே மாதம் கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் வீணாக்கும் பணத்தையும் நாளையும் சொல்லி மாளாது. அப்போஸ்டில் என்ற பன்னாட்டுச் சான்று முத்திரையை ஒட்டினால் உலகம் முழுக்கச் செல்லும் என்று முகவர்கள் சொல்வார்கள். அதற்கு அடிப்படையான ஹேக் உடன்படிக்கையில் தைவான் இல்லை. அதனால் பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில உயர்கல்வித் துறைச் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், அதற்குப் பிறகு தைவானின் தூதரகம் போலச் சென்னையில் இயங்கும் தைபே பொருளாதார, பண்பாட்டு மையத்தின் சான்றொப்பம் என்ற வரிசையில்தான் போக வேண்டும். 2012 முதல் அந்த மையம் சென்னையில் இயங்குவதால் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலைக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அதையும் இங்கேயே சான்றொப்பத்தோடு முடித்துக்கொண்டு போவது நல்லது. தைபேயிலிருந்து கூரியரில் அனுப்பி வாங்க நினைத்தால் நாள் கணக்கு வாரக் கணக்காகும்.

இனி பணம். வாரம் 15 மணி நேர வகுப்புக்குக் காலாண்டுக் கட்டணம் மையத்துக்கு மையம் மாறும். ஏறத்தாழ 36,000 தைவான் டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,44,000. தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாண்டரின் நிலையம் போல நாலு பேருக்கு ஓர் ஆசிரியர் என்று நடத்தும் இடங்களில் இதைவிடப் பல மடங்கு. தைபேயில் பகிர்ந்த வீட்டில் ஓர் அறை, சாப்பாடு, மெட்ரோ எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக இருந்தால் மாதம் 22,000. ஆண்டுக்கு 2,64,000. மொத்தம் 4,08,000. ஒரு தைவான் டாலர் இரண்டே முக்கால் ரூபாய் என்றால் பதினோரு லட்சத்துக்கு மேல். தைனான், காவ்சியுங் பக்கம் வாடகை குறையும்.

இந்தப் பதினோரு லட்சத்தை ஆங்கில டியூஷன் தராது. தரக்கூடியது தைவான் கல்வி அமைச்சகத்தின் ஹுவாயு உதவித்தொகை. மாண்டரின் படிப்பதற்கென்றே உள்ளது அது. மாதத்துக்கு 25,000 தைவான் டாலர் என்ற அளவில் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். இரண்டு மாதக் கோடை வகுப்பு முதல் ஓராண்டு வரை வெவ்வேறு காலத்துக்குக் கிடைக்கும். அந்த அளவில் ஓராண்டுக்குக் கிடைத்தால் 3,00,000 வந்துவிடும், மீதி ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாயை வீட்டிலிருந்து ஏற்பாடு செய்தால் போதும். ஓராண்டு உதவித்தொகை முடியும் நாளும், மொழி மைய மாணவருக்கு வேலை அனுமதி கேட்கும் தகுதி தொடங்கும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. முதல் ஆண்டு உதவித்தொகையில் படிப்பது, இரண்டாம் ஆண்டு தொடர்வதானால் அனுமதியோடு வாரம் எட்டுப் பத்து மணி நேரம் வேலை செய்வது. சட்டத்துக்கும் படிப்புக்கும் பொருந்துகிற வரிசை இதுதான். உதவித்தொகைக்கும் நிபந்தனைகள் உண்டு. ஒரு மாதத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வகுப்புக்குப் போகாவிட்டால் ஒரு மாத உதவித்தொகை நிறுத்தப்படும். தினம் மூன்று மணி நேர வகுப்பு என்றால் நான்கு நாள் காய்ச்சல் வந்தாலே எல்லையைத் தொட்டுவிடும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் முதல் ஆண்டில் ஆங்கிலம் கற்பிக்கக் கூடாது என்பதே என் கருத்து. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சிக் கணக்கில், ஆங்கிலம் பேசுபவர் மாண்டரினில் வேலை செய்யும் அளவு தேர்ச்சி பெற 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும். வாரம் 15 மணி நேரம், நான்கு காலாண்டு என்றால் ஓராண்டில் சேர்வது 700 மணி நேரத்தை ஒட்டித்தான். இதில் ஒரு மணி நேர வகுப்புக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் எழுதிப் பழக வேண்டும். தைவானில் பழைய முழு வடிவ எழுத்துகள் என்பதால் கை வலிக்க வலிக்க எழுதினால்தான் நிற்கும். ஆக வாரம் 45 மணி நேரம் மாண்டரினுக்கே போகிறது. புஷிபானில் 10 மணி நேரம் என்று காகிதத்தில் இருக்கும். பாடம் தயாரிப்பது, தாள் திருத்துவது, பெற்றோர் தொடர்பு ஏட்டில் எழுதுவது, போக்குவரத்து என்று இன்னொரு பத்து மணி நேரம் சேரும். சம்பளம் வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான். பேசும்போது மணிக்கு 600 தைவான் டாலர் என்று கேட்டது கையில் 300 ஆகிவிடும். அதைவிட, புஷிபானுக்குள் நுழைந்தால் மாண்டரின் பேசக் கூடாது என்பது அநேக இடங்களில் விதி. மாலை நாலரையிலிருந்து இரவு ஒன்பது வரை, தைபே நகரத்தின் நடுவில் நின்றுகொண்டு ஆங்கிலம் மட்டும் பேசுவீர்கள். காலையில் கற்ற தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், மறுநாள் காலைக்குள் கரைந்துபோகும்.

தமிழ் பேசுபவருக்கு மாண்டரின் ஒலிப்பில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகக் கற்பதால் அதை நாம் கைநழுவ விடுகிறோம். ரோமன் எழுத்தில் ‘பி’ என்ற இரண்டாம் எழுத்தைப் பார்த்ததும் ‘பஸ்’ என்பதுபோல் அதிர்வோடு ஒலிக்கிறோம். மாண்டரினில் அது அப்படியல்ல, ‘பால்’, ‘பழம்’ என்று தொடங்கும் நம் பகரமே அது. ‘மழை பெய்தது’ என்பதில் வரும் ‘பெய்’ போலச் சொன்னால் வடக்கு என்ற சொல் வந்துவிடும். பெய்ஜிங்கின் முன்பாதியும் தைபேயின் பின்பாதியும் அந்த ஒரே சொல்தான். பழைய முறையில் தைபேயை ஒரு ரோமன் எழுத்திலும், புதிய முறையில் பெய்ஜிங்கை வேறோர் எழுத்திலும் எழுதியதால் இரண்டாகத் தெரிகிறது. நமக்கு இல்லாதது மூச்சைத் தள்ளி ஒலிக்கும் இன்னொரு பகரம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று படுகிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். தகரம், ககரத்துக்கும் இதே கணக்கு. மனிதன் என்ற பொருள் தரும் ‘ரென்’ என்ற சொல்லின் முதல் ஒலிக்கு நாக்கை ழகரத்துக்கு வளைப்பதுபோல் வளைத்தால் ஏறக்குறைய சரியாக வரும். ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் திணறும் ஒலி அது. இதனால்தான் தைவானில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ‘சுயின்’ என்ற 37 ஒலிக்குறிகளை முதல் இரண்டு வாரத்திலேயே கற்றுவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். அவை ரோமன் எழுத்தின் பழைய பழக்கத்தைக் கூடவே இழுத்து வருவதில்லை.

நாம் சறுக்குவது தொனியில். ‘மா’ என்பதைச் சமமாக உயர்த்திப் பிடித்தால் அம்மா, ஏற்றினால் சணல், இறக்கி எடுத்தால் குதிரை, வெட்டி இறக்கினால் திட்டுவது. கேள்வி கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியை உயர்த்தும் நம் பழக்கம் கடைசிச் சொல்லின் தொனியையே மாற்றிவிடும். மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும் என்ற விதியைப் பாடத்தில் படிப்போம், பேசும்போது மறப்போம். தைவானில் இதோடு இன்னொரு சிக்கல். அங்கே பேச்சு வழக்கில் பலர் ‘ஷ’ ஒலியை ‘ஸ’ போலவே ஒலிப்பார்கள். நான்கும் பத்தும் தொனியில் மட்டுமே வேறுபடும், பத்து ஏறும், நான்கு இறங்கும். காய்கறிச் சந்தையில் விலை கேட்கும்போது இது விளங்கும்.

பின்னால் அனுமதியோடு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மாணவர்கள் ‘அவன்’, ‘அவள்’ இரண்டையும் ஆங்கிலத்தில் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். மாண்டரினில் இரண்டுக்கும் ஒலி ஒன்றே, ‘தா’. ‘நேற்று நான் போகிறேன்’ என்று எழுதுவார்கள். அங்கே வினைச்சொல் காலத்துக்கு உருமாறுவதில்லை. பன்மை விகுதியையும் சொல்லின் கடைசி மெய்யொலியையும் விழுங்குவார்கள். இவற்றைத் திருத்திவிட்டு மறந்துபோகாமல், எந்தப் பிழை எந்த மாண்டரின் அமைப்பிலிருந்து வருகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். உங்கள் மாண்டரின் வாக்கியம் ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பாக இல்லாமல் இயல்பாக வர இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பாடத்தை அமெரிக்க உச்சரிப்பில்தான் எதிர்பார்ப்பார்கள். அங்குள்ள அகராதிகளில் அமெரிக்க உச்சரிப்பைக் காட்டும் கே.கே. ஒலிக்குறிகளைக் கற்றுக்கொண்டு போனால் பெரிய மாணவர்களிடம் வேலை எளிதாகும்.

சீனப் பெருநிலத்துக்குப் போகிறவர்கள் ‘அங்கே கெடுபிடி குறைவு’ என்று நம்ப வேண்டாம். 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள வருகை, வெளியேற்றச் சட்டப்படி, மாணவர் விசாவில் விதியை மீறி வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் அபராதம். கடுமையான மீறலுக்கு 5 முதல் 15 நாள் காவலும் சேரும். 2021 ஜூலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான தனியார் பயிற்சியை அரசு முடக்கிய பிறகு அந்தச் சந்தையே சுருங்கிவிட்டது.

தங்கள் கல்விப் பக்கத்தில் இத்தகைய படிப்புகள் குறித்த செய்தி வரும்போது, அது பட்டப்படிப்பா மொழி மையமா, வேலை அனுமதி எப்போது கிடைக்கும், எந்தக் கடவுச்சீட்டுக்கு எந்த வேலை என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடும்படி வேண்டுகிறேன். ஹுவாயு உதவித்தொகை விண்ணப்பங்களைச் சென்னையில் உள்ள தைபே மையம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெறும். இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் மொழி மையத்துக்கு விண்ணப்பித்ததற்கான ஆதாரமும் அதனுடன் இருக்க வேண்டும். மொழி மையத்துக்கான விண்ணப்பத்தை மாணவரே தனியாக அனுப்ப வேண்டும், உதவித்தொகை கிடைத்தால் இடம் தானாக வந்துவிடும் என்பது தவறு. செப்டம்பர் வகுப்பைக் குறிவைப்பவர்கள் பட்டச் சான்றிதழை உயர்கல்வித் துறைச் சான்றொப்பத்துக்கு முந்தைய டிசம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மாண்டரின் பயிற்றுவிக்கும் வாசகர்,
சென்னை